குழாயில் கட்டிய கம்பி

ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற பன்னிரண்டு வீட்டுக்காரர்களை நீ கொல்லப் போகிறாய். இது கோபத்தில் எழுதுகிற வரி இல்லை, மகனே. நாலைந்து நாளாக யோசித்தும் வேறு எப்படியும் எழுத வராததால் இப்படி எழுதுகிறேன். அப்படி ஒரு நினைப்பே உனக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும். கெட்ட நினைப்பு இல்லாமலே ஒரு ஆளின் வாழ்க்கையை முடித்துவைக்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். இதில் இரண்டாவதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த மூன்று தாள்களும் போன வாரம் வந்தன. கொழும்பு வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதம் நம் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அங்கே போர்டிங்கில் தங்கியிருக்கிற தமிழ்ப் பையன்களைப் போலீஸ்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பதுளைக்காரனுக்குக் கொழும்பில் என்ன வேலை என்று கேட்டுப் பொழுது சாயும்வரை தரையில் உட்காரவைக்கிறார்கள். நீ அதை இரண்டு தரம் அனுபவித்துவிட்டாய். வா. வந்து சேர். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அதற்கு அடுத்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அலுமினிய ஜன்னல்களுக்கு அங்கே நீ செய்துவந்த பவுடர் கோட்டிங்கை இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காகச் செய்யப் போகிறாயாம். சைக்கிள் பிரேம், மோட்டார் சைக்கிள் ரிம் என்று பட்டியல் வேறு. காய்ந்த நிறத்தூளில் கரண்ட் ஏற்றி இரும்பின் மேல் விசிறினால் அது போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஓவனில் வைத்துச் சுட்டால் உருகித் தோல் மாதிரி படியும் என்று எனக்குப் புரிகிறபடி விளக்கியிருந்தாய். தூளை விசிறுகிற கருவிக்குப் பெயர் கன். நெட் கபேயில் மூன்று கன்களின் படங்களை அச்செடுத்து அனுப்பி, “இதுல எத வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா, சல்லடைக்காரி நீங்கதானே” என்று கிண்டலும் பண்ணியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: “எர்த்துக்கு யோசிக்க வேணாம், நம்ம தண்ணி பைப்பு இருக்கு.”

பொழுதுபோக்கு என்ற சொல்லை நம் லயத்தில் யாரும் தனக்கென்று சொல்லி நான் கேட்டதில்லை. விடியக் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்று, மலையேறி, கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, சோறாக்கி முடிக்கிறவர்களுக்குப் போக்குவதற்குப் பொழுது மிஞ்சியதில்லை. பங்களாவில் துரை பூச்செடி நட்டால் அது பொழுதுபோக்கு. லயத்துக்காரன் ஞாயிற்றுக்கிழமை மண்ணைக் கொத்தினால் அது பசி. என் பிள்ளை பசிக்காக இல்லாமல், ஆசைக்காக ஒரு சாமான் வாங்க நினைக்கிறான் என்பதில் எனக்குப் பெருமைதான். அதனால்தான் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிக்காமல் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படத்தைப் பார்த்ததும் முதலில் வந்த பயம் சின்னப் பயம். மூன்றும் கைத்துப்பாக்கி மாதிரியே இருக்கின்றன. பிடி, விசை, வாலில் தொங்குகிற வயர். கூடவே ஒரு டப்பா கறுப்புத்தூள். இதைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு தமிழ்ப் பையன் பதுளை ரயிலில் ஏறினால், பையைத் திறக்கிறவன் உன் விளக்கத்தைக் கேட்பதற்கு முன்னால் என்ன செய்வான் என்று நீயே யோசித்துக்கொள். எதை வாங்கினாலும் கடைக்காரரையே பில்லோடு பார்சலில் அனுப்பச் சொல். கையில் கொண்டுவராதே.

சல்லடைக்காரி என்றாயே, அந்தத் திமிரோடுதான் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினெட்டு வருடம் பெக்டரியில் சல்லடை அறையில் நின்றவளுக்குத் தூளைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். பனிமூட்டம் இறங்கிய நாளில் தேயிலைத்தூள் கட்டிபிடித்துச் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். உன் நிறத்தூளும் அதையேதான் செய்யும். நீ கொழும்பு வெயிலில் வேலை பழகியவன். இங்கே மத்தியானம் இரண்டு மணிக்கே மூட்டம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருகிறது. காற்றடிக்கிற மோட்டாரில் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற வடிகட்டி இல்லாவிட்டால் எந்தக் கன்னும் உருண்டை உருண்டையாகத்தான் துப்பும். முதல் படத்தில் இருக்கிற கன்னுக்குக் காலால் மிதிக்கிற சுவிட்ச். அதை விட்டுவிடு. தரையெல்லாம் வயரும் ரப்பர்க் குழாயும் கிடக்கும்போது காலைப் பார்ப்பாயா, கையைப் பார்ப்பாயா? இரண்டாவதில் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கிறது, ஆனால் தூள் போடுகிற குடுவை பெரிது. மூன்றாவது பேட்டரியில் ஓடுகிறது, குடுவை சின்னது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஒரு ரிம்முக்கு அது தாராளம். வாங்குவதென்றால் மூன்றாவதை வாங்கு. குடுவை சின்னதென்றால் காற்றில் மிதக்கிற தூளும் குறைவு.

காற்றில் மிதக்கிற தூளுக்கு நான் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. சல்லடை அறையில் தேயிலையிலிருந்து ஒரு பஞ்சு பறக்கும். அது உத்திரத்தில் படியும், பல்பில் படியும், நெஞ்சுக்குள்ளும் படியும். பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கு வாயை மூட வெள்ளைத்துணி கொடுப்பார்கள். நாங்கள் சேலைத்தலைப்பைக் கடித்துக்கொள்வோம். ஒரு நாள் பல்பு வெடித்த பொறி பட்டு உத்திரத்தின் மேல் நெருப்பு ஓடியது. எரிந்தது என்று சொல்ல மாட்டேன், ஓடியது. ஒரு மூலையில் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுமூலையில் நின்றது. நாங்கள் நாலு பெண்கள் ஈரச்சாக்கால் அடித்து அணைத்தோம். என் புருவம் கருகியிருந்தது. ஓடிவந்த துரை கேட்ட முதல் கேள்வி, எத்தனை கிலோ நனைந்தது என்று. நீ தூளை விசிறப் போகிறது பெக்டரியில் இல்லை, நாம் படுத்து எழும்புகிற காம்பராவில். நம் காம்பராவின் நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நமக்குத் தும்மல் வரும். உன் தூளும் புகையும் அந்தச் சுவர் ஏறிப் போய் அடுத்த வீட்டுத் தொட்டில்பிள்ளையின் மூக்கில்தான் இறங்கும்.

இவ்வளவு யோசித்தும் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மூன்று கன்னிலும் ஒரு மெல்லிய வயர், நுனியில் கவ்வுகிற கிளிப். அது எதற்கு என்று கேட்கத்தான் சனிக்கிழமை பதுளைக்குப் பஸ் ஏறினேன். கடைவீதியில் கரண்ட் சாமான் விற்கிற கடைக்காரர் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னாங்க, லயத்துல பெக்டரி தொறக்கப் போறீங்களா?”

“மகன் கேட்டிருக்கான். இந்த வயரு எதுக்குங்க?”

“பூசுற இரும்பு எர்த்துல இருக்கணும். அதுக்குத்தான் கிளிப்பு. எர்த் இல்லாட்டி தூளு ரிம்முல ஒட்டாது, உங்க மகன் மூஞ்சியிலதான் ஒட்டும். பொறியும் பறக்கும்.” தாள்களைப் புரட்டினார். “ஆமா, சூடு எதுல ஏத்தப் போறாரு?”

“பழைய ஓவன் ஒண்ணு வாங்குறானாம்.”

“கன்ன பத்தி மூணு தாளு, ஓவன பத்தி ஒரு வரியா? நல்லா இருக்கு. கன்னு சுரீர்னு ஒரு தட்டு தட்டும், அவ்வளவுதான். ஓவன் ஆளையே தூக்கிட்டுப் போயிரும். பழைய ஓவன்னா காயிலு ஈரம் குடிச்சிருக்கும், பாடியில கரண்ட் ஒழுகும். எர்த் இருக்குல்ல?”

“இருக்குங்க. லயத்துல எல்லா வீட்டுக்கும் இருக்கு. தண்ணி பைப்புல கட்டியிருக்கு.”

“பைப்பு இரும்புதானே? மேல டாங்கி வரைக்கும் இரும்பா?”

“வீட்டுப் பின்சுவத்துல இரும்புங்க. அதுக்கு அங்கிட்டு டாங்கி வரைக்கும் கறுப்பு பிளாஸ்டிக்.”

அவர் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார்.

“அப்ப அது எர்த்தே இல்லங்க. பிளாஸ்டிக்குல கரண்ட் எங்க போவும்? பன்னெண்டு வீட்டையும் ஒரே கம்பியில கோத்து வச்சிருக்கீங்க. ஒரு வீட்டுல ஒழுகினா பன்னெண்டு வீட்டு பைப்புலயும் வந்து நிக்கும். இதுவரைக்கும் யாரும் சாகலயா?”

“சாகல,” என்றேன். கடையை விட்டு இறங்கிய பிறகு பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை.

நம் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது நீ ஏழாம் வகுப்பு. வயர் இழுக்க வந்த ஆள் ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணில் ஒரு கம்பி இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அலவாங்குக் கடப்பாரையை இறக்கினான். கொல்லைப்பக்கம் கால் சாண் மண், அதற்குக் கீழே பாறை. இரண்டு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, பின்சுவரோடு போகிற தண்ணீர்க்குழாயில் எல்லா வீட்டு எர்த் வயரையும் கட்டிவிட்டுப் போனான். அப்போது அதில் பெரிய தப்பு இல்லை. டாங்கிவரை மண்ணுக்குள் கிடந்தது இரும்புக்குழாய். ஆனால் அதில் வருகிற தண்ணீர் செங்கல் நிறத்தில் வந்தது, பிள்ளைகளுக்கு வயிறு போனது. மனு எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். தோட்ட ஆபீஸ் வாசலில் பெண்களைக் கூட்டி நிறுத்தினேன். டாங்கியிலிருந்து லயம்வரை பிளாஸ்டிக்குழாய் போட்டுத் தந்தார்கள். சுவரில் இருந்த கடைசித் துண்டை மாற்றச் செலவு பார்த்து அதை மட்டும் இரும்பாகவே விட்டார்கள். தேங்காய் உடைத்து, என்னைத்தான் முதலில் குழாயைத் திறக்கச் சொன்னார்கள். அந்த வயர்களை ஆபீசும் நினைக்கவில்லை, சங்கத்துத் தலைவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வெள்ளையாக வந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து உன் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. கணக்கில் முதலாவதாக வந்திருந்தாய். விடியற்காலையில் உன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் பெட்டியின் ஓரம் விரலில் பட்டதும் சுரீர் என்றது. கையை உதறினேன். நிறுத்தியிருக்க வேண்டும். முதுகுப்பக்கம் சுருக்கம் பாக்கி இருந்தது, பெரட்டுக்கு மணியடிக்கப் போகிறது, நீ வேறு அவசரப்படுத்துகிறாய். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் பெட்டியை எடுத்தேன். செருப்பு போட்டதும் எனக்கு அடிக்கவில்லை. எனக்கு அடிக்காவிட்டால் போதும் என்று இருந்தது. அந்த நேரத்தில்தான் பின்பக்கத்தில் செல்லம்மா கத்தினாள்.

நீ அத்தை என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுச் செல்லம்மாதான். நான் இராத்திரிச் சல்லடைக்குப் போன நாளெல்லாம் உனக்குச் சோறு போட்டவள். ஈரக்காலோடு குழாயைத் திறக்கப் போனவள், தூக்கி எறியப்பட்டு, தண்ணீர் ஓடுகிற சீமெந்துக் காணில் வலது கை அடிபட விழுந்து துடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பிறகுதான் ஓடினேன். பெட்டிக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. கங்காணி வந்து பார்த்துவிட்டு, “வலிப்பு போல இருக்கே. முன்னாலயும் வந்திருக்கா?” என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டார். “ஆமாங்க, அப்பப்ப தலைய சுத்துதுன்னு சொல்லுவா,” என்று சொன்னது நான். நீ இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

டிஸ்பென்சரியில் என் வாய் சொன்னதையே எழுதிக்கொண்டார்கள். எலும்பு கோணலாகக் கூடியது, வலது கை விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. கைக்காக அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் தோட்டம் ஏதாவது நஷ்டஈடு தர வேண்டி வந்திருக்கும். வலிப்புக்காரியைச் சரிவான மலையில் ஏற்ற முடியாது என்று சொல்லிப் பெயரை வெட்டினார்கள். ஒரு சொல்லில் அவர்களுக்கு வேலை முடிந்தது. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவள் நான். அன்றிலிருந்து அவள் வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டக்காரர்களிடம் நாள்கூலிக்குப் போய் இடது கையால் கேரட் தரம் பிரிக்கிறாள். நான் இத்தனை வருடமும் அவளுக்குச் சீனி கொடுத்தேன், உப்பு கொடுத்தேன், தீபாவளிக்குச் சேலை கொடுத்தேன். எவ்வளவு நல்லவள் என்று லயமே சொன்னது.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஓவனைக் கண்ணாலும் பார்க்காதே, முதலில் எர்த். லயத்துக்குக் கீழே நம் மரக்கறிப் பாத்தியில் மண் ஆழம் உண்டு. அங்கே கம்பியை இறக்கி, தெரிந்த ஆளை வைத்துச் சோதித்து, கரண்ட் ஒழுகினால் தானாக விழுகிற சுவிட்சையும் போட்ட பிறகு மற்றதைப் பேசு. காம்பராவுக்குள் செய்யாதே, பாத்தியில் தகரக்கொட்டகை போட்டுக்கொள். மூக்குக்குச் சரியான முகமூடி வாங்கு, சேலைத்தலைப்பின் கதை என் நெஞ்சில் இருக்கிறது. அந்த ஓவனில் ஒரு நாளும் ரொட்டி சுடாதே.

இது உன் ஒருவனைப் பற்றிய பேச்சாக இருந்தால் இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். நீ ஓவன் வாங்காவிட்டாலும் அந்தக் குழாய் அப்படியேதான் இருக்கும். யார் வீட்டிலாவது தண்ணீர் சுடவைக்கிற ஒரு பழைய கேத்தல் போதும். நான் பதுளையிலிருந்து வந்த கையோடு நம் வீட்டு வயரைக் குழாயிலிருந்து வெட்டிவிட்டேன், கரண்டில் எதையும் செருகுவதில்லை. மற்றவர்களிடம் சொன்னால், “போக்கா, பத்து வருசமா அடிக்காத கரண்டு இனிமேத்தான் அடிக்கப் போவுதா?” என்று சிரிக்கிறார்கள். திங்கட்கிழமை தோட்ட ஆபீசுக்குப் போய் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒழுங்கான எர்த் போட்டுத் தரச் சொன்னேன். கிளாக்கர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“யாருக்காச்சும் அடிச்சிருக்கா?”

“அடிச்சிருக்குங்க.”

“அப்ப அந்த ஆளோட பேரு, அடிச்ச நாளு, கையெழுத்து. எல்லாம் வச்சு மனு குடுங்க. சும்மா வாயால சொன்னா தொரைக்கிட்ட எதக் காட்டுறது?”

மனு எழுத எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனுவில் செல்லம்மா பெயரை எழுதினால் அதற்குக் கீழே என் பெயரையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், அடுத்து யார் ஈரக்காலோடு போய் நிற்பார்களோ என்று ஒவ்வொரு காலையிலும் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். இரண்டு நாள் அப்படித்தான் கிடந்தேன். வாளிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நேற்று பின்னேரம் அவள் குழாயடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“செல்லம்மா, ஒனக்கு வலிப்பு கெடையாது.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்,” என்று சிரித்தாள். “ஒலகமே சொல்லுச்சு. நீயுந்தானே சொன்ன, மகராசி.”

எல்லாவற்றையும் சொன்னேன். சுரீர் என்றது, செருப்பு மாட்டியது, பிளக்கைப் பிடுங்கியது, கங்காணிக்குச் சொன்ன பதில், கடைக்காரர் கேட்ட கேள்வி. நீ எழுதியிருந்த கன்னையும் ஓவனையும்கூடச் சொன்னேன். அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. குழாய் திறந்தபடியே இருந்தது. மூடுவதற்கு அவள் கையை நீட்டினாள், பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“ஒம் பேர மனுவுல எழுதவா? நீ கையெழுத்து வச்சாத்தான் எர்த் போடுவாங்க. வச்சா நான் செஞ்சது எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும். எழுதவா?”

மண்வெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டாள்.

“ஒம் மவன் எப்ப வாரான்?”

“வார மாசம்.”

“வரட்டும். அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தவன்தானே. அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“அவன்கிட்ட என்ன? அவன் சின்னப்புள்ள அப்ப. செஞ்சது நானு. எங்கிட்ட கேளு.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நான் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, லயத்தில் யார் யார் கேட்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

“எம் மகன்கிட்ட என்ன கேக்கப் போற? அத எங்கிட்ட சொல்லிரு, செல்லம்மா. சொல்லு.”